தோல் அழற்சியும் ஸ்டீராய்டுக் களிம்பும்

விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவரை அவ்வூரார் நாடிவரும் காரணங்கள் பல. விண்ணப்பம் எழுதித் தரவேண்டுமென்பர் சிலர். வந்த கடிதத்தை வாசித்துப் பொருள் கூறவேண்டுமென்பர் வேறு சிலர். மருந்தின்மேல் அச்சிட்டிருப்பது யாதெனப் பார்த்துச் சொல்லவேண்டுமென்பர் இன்னுஞ் சிலர். இம்மூன்றாவது வேண்டுகோளே இக்கட்டுரை எழுதற்குக் காரணமாயிற்று. பாதி பிதுக்கிச் சுருட்டிய களிம்புக் குழாய் ஒன்றை நீட்டி, "தம்பி, இது படைக்கு நல்லதா, பார்த்துச் சொல்" என்று ஒரு பெரியவர் கேட்பாராயின், நம் மாணவர் என்ன விடை பகர்வர்? ஆங்கிலப் பெயரை உரக்க வாசித்துவிட்டு, "நல்ல மருந்துதான்" என்று சொல்லி விடுவது எளிது. அவ்விடை உண்மையாகவும் இருக்கலாம். தீங்கு விளைப்பதாகவும் இருக்கலாம். ஒரே சொல் இருவகையாலும் பொருந்துமாறு எங்ஙனம் என்பதனையே யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கடற்கரையும் தோலும்

தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாறு மன்னார் வளைகுடாவிற் கலக்கும் முகத்துக்கு அணித்தாக உள்ளது கீழவைப்பார். முத்துக்குளித்துறையின் பழைய ஊர்களுள் அதுவும் ஒன்று. மீன்பிடித் தொழிலும், அக்கம்பக்கத்து உப்பளங்களின் வேலையும் அப்பகுதி மக்களுக்குப் பிழைப்பாவன. இவ்விரு தொழில்களும் தோலைப் பெரிதும் வருத்துவன. உப்புநீர் தோலின் இயல்பான எண்ணெய்ப்பசையைப் போக்கி அதனை வறளச் செய்கின்றது. வலைக்கயிறு உள்ளங்கையை உரசுகின்றது. மீன் முள்ளும் செதிளும் கீறுகின்றன. சொறிமீன் பட்ட இடம் தடித்து எரிகின்றது. உப்பளப் பாத்தியில் நாள்முழுதும் நிற்போரது பாதம் வெடிக்கின்றது. அதற்கஞ்சி ரப்பர்க் காலணி அணிவோர்க்கோ உள்ளே வியர்வை தேங்குகின்றது. வெயிலும் ஈரமும் ஒருங்கே மிக்க இக்கரையில், இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை தோன்றுதல் வியப்பன்று.

இவையனைத்தும் நோயாளிக்கு ஒரே வடிவாகத் தோன்றும், அஃதாவது அரிப்பு. அரிப்பு ஒன்றாயிருத்தலின் மருந்தும் ஒன்றாயிருக்கலாமென அவர் எண்ணுகின்றார். எல்லாத் தவறுகளுக்கும் வித்தாவது இவ்வெண்ணமே.

அழற்சி என்பது யாது?

உடல் தனக்கு வந்த தீங்கினை எதிர்த்து நடத்தும் போர் அழற்சி எனப்படும். தோலில் ஓரிடத்துத் தீங்கு நேர்ந்தவுடன் ஆங்குள்ள உயிரணுக்கள் சில வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவற்றால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன; ஆதலின் அவ்விடம் சிவந்து சூடாகின்றது. குழாய்ச் சுவர் வழியே நீர் கசிதலால் வீங்குகின்றது. நரம்பு முனைகள் தூண்டப்பெறுதலால் அரிப்பும் நோவும் உண்டாகின்றன. வெள்ளணுக்கள் அவ்விடத்திற் குழுமுகின்றன.

நோய்க்கிருமி உட்புகுந்த காலத்து இப்போர் நமக்கு உதவியாகும். ஆனால் பகைவரே இல்லாத இடத்தும் இப்போர் மூள்வதுண்டு. ஒருவர்க்கு முடிச்சாயம் ஒவ்வாது. ஒருவர்க்குக் காலணியின் ரப்பர் ஒவ்வாது. கட்டட வேலை செய்வார்க்குச் சிமெண்டிலுள்ள குரோமிய உப்பு ஒவ்வாது. குழந்தைகள் சிலர்க்குப் பிறவியிலேயே தோலின் காப்பு மெலிந்திருத்தலால் முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான் தோன்றும். காளாஞ்சகப்படை என்னும் நோயில், தோலணுக்கள் அளவிறந்த விரைவிற் பெருகி, வெள்ளிய செதிள்களாய் உதிர்கின்றன. இவற்றிலெல்லாம் போரே நோயாகி விடுகின்றது. ஆகவே போரைத் தணிப்பதே மருந்தாகும். கிருமியால் வந்த நோயிலோ, போரை மட்டும் தணித்துக் கிருமியை விட்டுவைத்தல், காவலரை உறங்கச் செய்து கள்வர்க்குக் கதவு திறந்தவாறாகும். இவ்வேறுபாட்டை மாணவர் உள்ளத்திற் பதித்துக்கொள்வாராயின், இனி யாம் கூறுவன எல்லாம் எளிதில் விளங்கும்.

மருந்து பிறந்த வரலாறு

நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி கவிழ்த்தாற்போல இரு சிறு சுரப்பிகள் அமைந்துள்ளன. அவற்றின் புறணியில் ஊறும் சுரப்புநீர்களுள் ஒன்றே அழற்சியைத் தணிக்கும் ஆற்றலுடையது. அமெரிக்க நாட்டு மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹெஞ்ச் என்னும் மருத்துவர், மூட்டு வாதத்தால் வருந்துவோர்க்குக் காமாலை வந்தபோதும், பெண்டிர் கருவுற்றபோதும், வாதம் தணிதலைக் கண்டார். உடலே தனக்கொரு மருந்தைச் செய்துகொள்ளுகின்றது போலும் என அவர் ஐயுற்றார். அதே நிலையத்து வேதியியலறிஞர் எட்வர்ட் கெண்டல் அச்சுரப்பிப் புறணியின் பொருள்களைப் பிரித்தெடுத்து வந்தார். 1948-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அவற்றுள் ஒன்றாகிய கார்ட்டிசோன், வாதத்தால் எழுந்து நடக்கமாட்டாதிருந்த ஒரு பெண்மணிக்கு ஊசிவழி செலுத்தப்பெற்றது. சில நாட்களில் அவர் நடக்கலாயினார். 1950-ஆம் ஆண்டில் ஹெஞ்ச், கெண்டல் என்னும் இருவர்க்கும், சுவிட்சர்லாந்தில் இதே துறையில் உழைத்த ததேயுஸ் ரைக்ஸ்டைன் என்பார்க்கும் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

தொடக்கத்தில் இம்மருந்து பொன்னினும் அரியதாயிருந்தது. எருதின் பித்தத்திலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட படிகளைக் கடந்து அதனைச் செய்யவேண்டியிருந்தது. பின்னர் மெக்சிகோ நாட்டு வள்ளிக்கிழங்கு வகையொன்றிலிருந்து மூலப்பொருள் கிடைத்தது. 1952-ஆம் ஆண்டில், ரைசோபஸ் என்னும் பூசணம் அவ்வேதிமாற்றத்தின் கடினமான படியொன்றை ஒரே முறையிற் செய்து முடிக்குமென அப்ஜான் நிறுவனத்து ஆய்வாளர் கண்டனர். அதன் பின்னரே விலை சரிந்தது.

கார்ட்டிசோனைத் தோலின்மேற் பூசிப் பார்த்தவர்க்குப் பயன் கிட்டவில்லை. ஏனெனில் அது உடலுள் ஹைட்ரோகார்ட்டிசோனாக மாறிய பின்னரே தொழிற்படுவது. தோல் அம்மாற்றத்தைப் போதிய அளவு செய்வதில்லை. ஆகவே 1952-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்து மேரியன் சல்ஸ்பெர்கர், விக்டர் விட்டன் என்னும் இருவரும் ஹைட்ரோகார்ட்டிசோனையே களிம்பாக்கிக் கரப்பான் முதலியவற்றின்மேற் பூசினர், பயன் கண்டனர். தார் எண்ணெயும் கந்தகமுமே பெரும்பாலும் கைகண்ட மருந்துகளாயிருந்த தோல் மருத்துவத்தில் அன்று புதியதோர் ஊழி பிறந்தது எனலாம்.

களிம்பு தொழிற்படுமாறு

ஸ்டீராய்டு கொழுப்பிற் கரையும் இயல்பினது. ஆதலின் தோலணுவின் சுவரை எளிதிற் கடந்து உட்செல்கின்றது. உள்ளே அதற்கென அமைந்த ஏற்பி என்னும் புரதத்தோடு கூடி, அணுவின் உட்கருவை அடைகின்றது. ஆங்கு அழற்சிப் பொருள்களைச் செய்யுமாறு பணிக்கும் மரபணுக்களை அடக்கி, அழற்சியை ஆற்றும் புரதங்களைச் செய்யும் மரபணுக்களைத் தூண்டுகின்றது. விரிந்த இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, சிவப்பு மாறுகின்றது, வீக்கம் வடிகின்றது, அரிப்பு ஓய்கின்றது. மிகைபடப் பெருகும் தோலணுக்களின் பெருக்கமும் குறைகின்றது.

இவ்வேலைகளுள் எதுவும் அழற்சியுள்ள அணுவை மட்டும் தேர்ந்து நிகழ்வதன்று என்பதை மாணவர் கருதல் வேண்டும். பெருக்கத்தைக் குறைக்கும் மருந்து, நெடுநாட் பூசினால் நல்ல தோலின் வளர்ச்சியையும் குறைக்கும். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் நார்ப்பொருள் குன்றும். தோல் வெங்காயச் சருகுபோல் மெலியும். உள்ளிருக்கும் குழாய்கள் செந்நிற இழைகளாகப் புறத்தே தோன்றும். அக்குளிலும் தொடையிலும் வரிவரியாகத் தழும்பு விழும். அவ்வரிகள் பின்னர் வெளிறினும் முற்றும் மறைவதில்லை. ஆக, நன்மையும் தீமையும் ஒரே ஆற்றலின் இரு பயன்களாம். வேறுபடுத்துவது அளவும் இடமும் காலமுமே.

வலிமையும் விழுக்காடும்

1950-களின் பிற்பகுதி தொடங்கி வேதியியலறிஞர் ஹைட்ரோகார்ட்டிசோனின் அமைப்பிற் சிற்சில மாற்றங்கள் செய்து, அதனினும் பன்மடங்கு வலிய மருந்துகளைப் படைத்தனர். அவற்றின் வலிமையை அளக்க 1962-ஆம் ஆண்டில் மெக்கென்சி, ஸ்டவுட்டன் என்னும் இருவர் எளியதொரு முறை வகுத்தனர். மருந்தை முன்கையிற் பூசி மூடிவைத்து, மறுநாள் அவ்விடத்துத் தோல் எவ்வளவு வெளிறியுள்ளதென நோக்குவதே அது. குழாய்கள் எவ்வளவு சுருங்குகின்றனவோ அவ்வளவு வெளிறும். எவ்வளவு வெளிறுமோ அவ்வளவு வலிது.

இம்முறையாலும் நோயாளர்பாற் கண்ட பயனாலும் ஸ்டீராய்டுக் களிம்புகளைப் பிரிட்டானிய மருத்துவர் நால்வகையாகப் பிரிப்பர். ஹைட்ரோகார்ட்டிசோன் மென்மையானது. குளோபெட்டசோன் இடைப்பட்டது. பீட்டாமெத்தசோன் வேலரேட்டு, மொமெட்டசோன் ஆகியவை வலியன. குளோபெட்டசால் புரோப்பியோனேட்டு மிக வலியது. முதலாவதனை ஒன்றெனக் கொள்ளின், பீட்டாமெத்தசோன் ஏறத்தாழ நூறு மடங்கும், குளோபெட்டசால் அறுநூறு மடங்கு வரையிலும் வலிமையுடையன என்பர்.

ஈண்டு மக்கள் பெரும்பான்மையும் மயங்குமிடம் ஒன்றுளது. ஹைட்ரோகார்ட்டிசோன் குழாயின்மேல் நூற்றுக்கு 1 பங்கு என்று அச்சிட்டிருக்கும். குளோபெட்டசால் குழாயின்மேல் நூற்றுக்கு 0.05 பங்கு என்றிருக்கும். எண்ணை மட்டும் நோக்குவார், பின்னது இருபதிலொரு பங்கே யாதலின் அதுவே மென்மையானது எனக் கருதுவர். உண்மை இதற்கு நேர்மாறு. எண் காட்டுவது கலந்துள்ள மருந்தின் எடையை. வலிமையை அறிவிப்பது மருந்தின் பெயர். ஆதலின் குழாயைக் கையிலெடுக்கும் மாணவர் முதற்கண் வாசிக்கவேண்டுவது பெரிய எழுத்திலுள்ள வாணிகப் பெயரையன்று. அதன்கீழ்ச் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரையே. ஒரே குழாயில் ஸ்டீராய்டும், பூசணக் கொல்லியும், கிருமிக் கொல்லியும் ஆகிய மூன்றும் கலந்திருத்தலும் உண்டு. அத்தகைய கலவையை மக்கள் "எல்லாவற்றுக்குமான களிம்பு" என்று போற்றுவர். எல்லாவற்றுக்கும் எனப்படுவது பெரும்பாலும் எதற்கும் சரியாகப் பொருந்தாதது.

இடமும் அளவும்

தோல் உடலெங்கும் ஒரே தடிப்பினதன்று. 1967-ஆம் ஆண்டில் பெல்ட்மன், மைபாக் என்னும் ஆய்வாளர் ஹைட்ரோகார்ட்டிசோனை உடலின் பல இடங்களிற் பூசி, உள்ளே செல்லும் அளவை ஒப்பிட்டனர். முன்கையில் செல்வதை 1 எனக் கொண்டால், உள்ளங்காலில் 0.14, உள்ளங்கையில் 0.83, தலையில் 3.5, நெற்றியில் 6, தாடையோரத்தில் 13, ஆடவர் விதைப்பையில் 42 எனக் கண்டனர். இவ்வெண்களை ஒருமுறை உற்று நோக்குக. உப்பளத் தொழிலாளியின் தடித்த பாதத்தில் பயன் காட்டாத ஒரு களிம்பு, அவர் மகளின் முகத்தில் மிகையாக உட்சென்று தீங்கு செய்யும். ஒரு வீட்டில் ஒரு குழாயை அனைவரும் பகிர்ந்துகொள்ளுதல் ஏன் ஆகாதென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

மூடிக் கட்டிய இடத்தில் உட்செல்லும் அளவு பத்து மடங்கு வரை பெருகும். ரப்பர்க் காலணிக்குள்ளும், குழந்தையின் அரைக்கச்சைக்குள்ளும், தோல்மடிப்புகளிலும் இந்நிலையே. குழந்தைகட்கு எடையை நோக்கத் தோற்பரப்பு மிகுதியாதலின், அவர்பால் இம்மருந்து உடலெங்கும் பரவிச் சுரப்பிகளின் இயல்பான தொழிலையே ஒடுக்கிவிடக் கூடும். கண்ணிமையில் நெடுநாட் பூசினால் கண்ணின் உள்ளழுத்தம் மிகுந்து பார்வைக்கே கேடு வரும்.

அளவுக்கு 1991-ஆம் ஆண்டில் லாங், பின்லே என்னும் மருத்துவர் இருவர் தந்த விரல்நுனி அளவு மிக எளிது. வளர்ந்தோர் ஒருவரது சுட்டுவிரலின் நுனி தொடங்கி முதல் மடிப்பு வரை, குழாயின் வாயினின்றும் ஒரு கோடாகப் பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம் நிற்கும். விரல்களோடு கூடிய இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். ஒரு கையின் மணிக்கட்டுக்குக் கீழ்ப்பட்ட இருபுறத்துக்கும் ஒன்று, மணிக்கட்டுக்கு மேற்பட்ட கைக்கு மூன்று, காலுக்கு ஆறு, பாதத்துக்கு இரண்டு, முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டரை, மார்பும் வயிறும் சேர்த்து ஏழு, முதுகுக்கு ஏழு. கூட்டிப் பார்ப்பின் முழு உடம்புக்கும் ஒருமுறைக்கு நாற்பதரை, அஃதாவது இருபது கிராமுக்குச் சிறிது மேல். சிறு குழாய் ஒன்றில் உள்ளது எத்தனை நாளைக்கென்பதை மாணவர் தாமே கணக்கிட்டுக் கொள்ளலாம். மிக வலிய குளோபெட்டசாலை இரண்டு வாரத்துக்குமேல் தொடர்ந்து பூசலாகாது. ஒரு வாரத்தில் ஐம்பது கிராமைக் கடத்தலாகாது. இது வளர்ந்தோர்க்கான வரம்பு.

படையை மறைக்கும் களிம்பு

இனி, நாம் அஞ்சவேண்டிய இடத்துக்கு வருவோம். கீழவைப்பாரில் உப்பளத் தொழிலாளி ஒருவரை மனத்திற் கொள்வோம். எவரொருவரையும் குறித்து இது கூறவில்லை. ஆயினும் தோல் மருத்துவர் நாடெங்கும் நாள்தோறும் காணும் கதை இதுவே. அவர்க்கு இடுப்பில் ஒரு படர்தாமரை தோன்றுகின்றது; விளிம்பு சிவந்து உயர்ந்து, நடு ஆறி, வளையமாக விரிகின்றது. பூசணத்தால் வரும் நோய் அது. ஒரு நாள் வேலையை விட்டால் ஒரு நாட் கூலி போம். ஆதலின் அவர் மருத்துவமனைக்குச் செல்லாது, மருந்துக் கடையிற் "படைக்களிம்பு" ஒன்று கேட்டு வாங்குகின்றார். அதில் வலிய ஸ்டீராய்டு கலந்திருக்கின்றது. இரண்டே நாளில் அரிப்பு நின்றது, சிவப்பு மறைந்தது. கை கண்ட மருந்து என மகிழ்கின்றார்.

நிகழ்ந்தது யாது? பூசணம் சாகவில்லை. அதனை எதிர்த்து நின்ற உடலின் காவலே ஒடுங்கியது. தடையின்றிப் பூசணம் அகலப் பரவுகின்றது. வளைய வடிவும் தெளிந்த விளிம்பும் மாறிப்போகின்றன. களிம்பை நிறுத்தினால் முன்னினும் கொடிய அரிப்பு எழுகின்றது. அவர் மறுபடியும் அதே குழாயை நாடுகின்றார். மனைவிக்கும் மக்கட்கும் அந்நோய் தொற்றுகின்றது. அவர்களும் அதனையே பூசுகின்றனர். ஆறு திங்கள் கழித்து மருத்துவரிடம் செல்லும்போது, அவராலும் உடனே அடையாளங் காண இயலாத உருவில் அந்நோய் நிற்கின்றது. 1968-ஆம் ஆண்டில் ஐவ், மார்க்ஸ் என்னும் மருத்துவர் இத்தகைய படைக்கு மாறுவேடம் பூண்ட படை எனப் பொருள்படும் இலத்தீன் பெயர் சூட்டினர். மிகப் பொருத்தமான பெயர்.

இதனைத் தவிர்க்கும் வழி கடினமானதன்று. படையின் விளிம்பைச் சிறிது சுரண்டி, கண்ணாடித் தகட்டில் இட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு துளி விட்டு நுண்ணோக்கியில் நோக்கினால், பூசண இழைகள் தெரியும். முத்துக்குளித்துறை மக்களுக்கு இம்முறை புதிதன்று. 1961-ஆம் ஆண்டோடு இக்கரையில் நின்றுபோன முத்துக்குளிப்பு நிகழ்ந்த காலத்தில், கடலின் மேற்பரப்பைப் பார்த்து ஒருவரும் குளிப்பை அறிவித்ததில்லை. பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்தை மதிப்பிட்ட பின்னரே நாள் குறித்தனர். தோலின் மேற்பரப்பைப் பார்த்து மருந்து குறிப்பதும் அத்தகையதே.

படை மட்டுமன்று. சிரங்கு என்பது தோலைத் துளைக்கும் நுண்ணிய உண்ணியால் வருவது; இரவில் அரிப்பு மிகும்; வீட்டில் பலர்க்கு ஒருங்கே தோன்றும். ஸ்டீராய்டு உண்ணியைக் கொல்லாது. உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் தொழுநோயாகவும் இருக்கலாம். அதற்குரிய கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் விலையின்றித் தரப்படுகின்றது. காலத்தே உட்கொண்டால் ஊனமின்றி நோய் நீங்கும். அத்தேமலின்மேற் களிம்பு பூசிக் கழித்த மாதங்கள் நரம்புக்குக் கேடாகவே முடியும்.

நம் நாட்டின் நிலை

இத்தவறு ஓரூரின் தவறன்று. இந்தியத் தோல் மருத்துவர் நாட்டின் 12 நிலையங்களில் முகத்தோல் நோயுற்ற 2,926 பேரை ஆராய்ந்து, 2011-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். அவருள் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டுக் களிம்பு பூசி வந்தனர். அவர்களில் 257 பேர் மருத்துவரல்லாதார் சொற்கேட்டுப் பூசியோர். 126 பேர் நிறம் வெளுக்கவும், பொதுவான முகப்பூச்சாகவும், முகம் மழித்தபின் பூசுவதாகவும் அதனைக் கொண்டனர். 392 பேர்க்குத் தீய விளைவுகள் தோன்றியிருந்தன. நோயே இல்லாத முகத்தில், நிறத்தின் பொருட்டு, ஒரு வலிய மருந்தைப் பூசி நோயை விலைக்கு வாங்கினர் பலர் என்பதே இவ்வெண்களின் பொருள். முதலில் முகம் வெளிறி மினுமினுக்கும். பின்னர்ச் சிவந்து எரியும். பருவும் மயிரும் மிகும். வெயிலில் நிற்க வொண்ணாது. நிறுத்தினால் எரிச்சல் பெருகுமாதலின் நிறுத்தவும் மனம் வாராது. நிறமே அழகெனும் மயக்கம் கற்றாரிடத்தும் நிலவுதலை நாம் மறைத்துப் பயனில்லை.

பூசணப் படையும் இக்காலத்து முன்போல் எளிதிற் பணிவதில்லை. டெர்பினஃபின் என்னும் மருந்துக்குப் பல இடங்களிற் பணியாத பூசண வகையொன்று நம் நாட்டிற் பெருகியுள்ளது. 2020-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் அதற்கு ட்ரைக்கோபைட்டான் இண்டோட்டினியே எனப் பெயரிட்டனர்; இந்தியாவின் பெயர் அதிற் பொதிந்துள்ளது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைக் கண்டவாறு பூசுதல் அதன் பரவலுக்கு ஒரு காரணமெனத் தோல் மருத்துவர் கருதுகின்றனர். பூசணத்தின் துணையால் மலிவான மருந்து, பூசணத்துக்கே துணையாயிற்று.

அரசும் வாளாவிருக்கவில்லை. மருத்துவச் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் பட்டியலில், பூசும் ஸ்டீராய்டுகளுக்கு இருந்த விலக்கை நீக்கி, 14 களிம்பு மருந்துகளை 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நடுவணரசு அப்பட்டியலுள் சேர்த்தது. சட்டம் கடைக்காரர்க்கு வேலியாகலாம். ஆனால் வீட்டில் முன்னரே கிடக்கும் பாதிக் குழாய்க்கும், அண்டை வீட்டார் அன்புடன் தரும் மீதிக் களிம்புக்கும் எச்சட்டமும் வேலியாகாது. ஆங்கு வேலியாவது அறிவொன்றே.

அஞ்சுவதும் தவறு

இவ்வளவும் கேட்ட மாணவர், "ஸ்டீராய்டு என்றாலே நஞ்சு" என்று ஊரெங்கும் பறையறையப் புகுவாராயின், அது முன்னையதினும் சிறியதல்லாத மற்றொரு தவறாகும். கரப்பானுற்ற குழந்தையின் தாய், எவரோ சொல்லக் கேட்டு அஞ்சி, மருத்துவர் தந்த மென்மையான களிம்பைப் பூசாது விடுகின்றாள். குழந்தை இரவெல்லாம் சொறிகின்றது, உறக்கமிழக்கின்றது, சொறிந்த புண்ணிற் கிருமி புகுந்து சீழ் பிடிக்கின்றது. தக்க வலிமையுள்ள களிம்பைத் தக்க இடத்தில், தக்க நாட்கள் பூசியிருந்தால் ஒரு வாரத்தில் ஓய்ந்திருக்கும் துன்பம் அது. ஐம்பதாண்டுகளுக்கு மேலாக இம்மருந்தாற் பயன் பெற்றோர் உலகெங்கும் எண்ணிறந்தோர். காளாஞ்சகப்படைக்காக வலிய களிம்பை நாட்பட்டுப் பூசி வருவோர், அச்சத்தால் திடீரென நிறுத்தினால், நோய் முன்னினும் சீறி எழும். மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைத்தல் வேண்டும்.

தோல் வறளாது காத்தல் களிம்பின் தேவையையே குறைக்கும். குளித்தவுடன், ஈரம் முற்றும் உலருமுன், வாசலின் முதலிய எண்ணெய்ப்பசைப் பொருளைப் பூசுதலும், கடலினின்றும் உப்பளத்தினின்றும் மீண்டவுடன் நன்னீரால் உப்பைக் கழுவுதலும், ஒவ்வாத பொருளை அறிந்து விலக்குதலும் முதன்மையானவை. காரணம் நீங்காதவிடத்துக் களிம்பு எத்தனை முறை தணிப்பினும் அழற்சி மீளவே செய்யும்.

நாம் செய்யத்தக்கது

தொடக்கத்திற் கண்ட பெரியவரிடம் மீள்வோம். அவர் நீட்டும் குழாயைப் பெற்று, நாம் ஐந்து கேள்விகளை வினவுவோமாக. இதன் மருந்துப் பெயர் யாது? அது நால்வகை வலிமையுள் எதனைச் சார்ந்தது? யார்க்காக, எந்நோய்க்காக, எம்மருத்துவர் தந்தது? உடலின் எவ்விடத்திற் பூசப்படுகின்றது? எத்தனை நாளாகப் பூசப்படுகின்றது? இவற்றுள் ஒன்றற்கேனும் விடை கிட்டாதாயின், "பெரியவரே, இது நல்ல மருந்துதான், ஆனால் உமக்கு நல்லதா என்பதை மருத்துவரே பார்த்துச் சொல்லவேண்டும்" என்று பணிவுடன் கூறுவோம். அம்மட்டோடு நில்லாது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அவரை ஒருநாள் உடனழைத்துச் செல்வோமாயின், அது நம் படிப்பு அவ்வூர்க்குச் செலுத்தும் வட்டியாகும். ஒரு நாட் கூலியை இழக்க அவர் அஞ்சுகின்றார் என்பதை மறத்தலாகாது. வரிசையில் நாம் முன்னரே சென்று நின்று சீட்டுப் பெற்று வைத்தாலும் அவர்க்கு அரைநாள் மிஞ்சும்.

நோயின் பெயரறியாது பூசிய நல்ல மருந்தும் தீங்காகும். அறிந்து அளவோடு பூசிய வலிய மருந்தும் நன்மையாகும். அரிப்பு ஒன்றுதான்; அதன் காரணம் பல. இவ்விரண்டு வாக்கியங்களை மனத்திற் கொண்டு நம் மாணவர் இவ்விடுமுறைக்கு ஊர் செல்வாராக. வீட்டில் பழைய களிம்புக் குழாய் ஏதேனும் இருப்பின், முதலில் அதன் சிறிய எழுத்தை வாசிப்பாராக.